கூட்டு ஆபீஸ் நடத்தும் வக்கீல்களுக்கு ஒரு குமாஸ்தாவின் மடல்

பாலக்காடு, சித்தூர் கோர்ட்டுகளில் கூட்டாக ஆபீஸ் நடத்தும் வக்கீல் சார்களுக்கும் மேடங்களுக்கும்,

வணக்கம். இருபத்தாறு வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் எழுதுகிறேன். (ஆந்திராச் சித்தூர் இல்லை, கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்துச் சித்தூர்.) கடைசிப் பதினோரு வருடம் நான் இருந்த ஆபீஸ் இப்போது இல்லை. போன மாதம் இளம் வக்கீல்கள் மூன்று பேர் சேர்ந்து போர்டு மாட்டினார்கள். வாழ்த்திவிட்டு வந்தேன். நல்ல நாளில் வாசலில் நின்று சொல்ல மனம் வராததை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஆபீஸ் மூடிய வாரம்கூட டைரியில் நாளுக்கு ஏழெட்டு வாய்தா இருந்தது. மூன்று பார்ட்னர்கள். மாதம் பிறந்தால் மூவரும் ஆளுக்கொரு தொகை எடுத்துக்கொள்வார்கள். கைக்கு வந்த பீஸைப் பார்த்து அல்ல, வரவேண்டிய பீஸைப் பார்த்து முடிவுசெய்த தொகை அது. வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே ஒரு வங்கியின் பேனல் வேலை, அதாவது வங்கி தன் வழக்குகளைக் கொடுக்க வைத்திருக்கும் வக்கீல் பட்டியலில் இருந்து வரும் வேலை. வங்கி பில்லை ஆறு மாதம் கழித்துப் பாஸ் செய்யும். கட்டிட ஓனர் ஐந்தாம் தேதியே வந்து நிற்பார். நடுவில் விழுந்த பள்ளத்தை, கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்கும் ஓவர்டிராஃப்ட் கடன் போட்டு நிரப்பினோம். மாடி எடுத்து, கண்ணாடித் தடுப்பும் ஏ.சி.யும் போட்டதும் அந்தக் கடனில்தான். ஒரு வருடம் வங்கி எங்கள் பேனலைப் புதுப்பிக்கவில்லை. அவ்வளவுதான்.

அந்தக் கடனைக்கூட மூவரும் சேர்ந்து நின்றிருந்தால் அடைத்திருக்கலாம். ஆனால் 1932 கூட்டாண்மைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு உங்களுக்கே தெரியும்: ஸ்தாபனத்தின் கடனுக்கு ஒவ்வொரு பார்ட்னரும் முழுசாகப் பொறுப்பு. முறைப்படி விலகிப் பொது அறிவிப்பும் கொடுத்தவருக்கு அதற்குப் பிறகு ஏறும் கடனில் பங்கில்லை. அப்படியென்றால் முதலில் வெளியே போகிறவர் புத்திசாலி, கடைசியில் நிற்பவர் தலையில் வாடகை, சம்பளம், வட்டி எல்லாம். எங்கள் இளைய பார்ட்னர் ஒரு திங்கட்கிழமை நாற்பது வழக்குக் கட்டுகளோடு போனார். கட்சிக்காரர்களும் பின்னாலேயே போனார்கள். அவர்கள் வந்தது வக்கீலைப் பார்த்து, போர்டைப் பார்த்தா? மற்றவருக்கும் கணக்குப் புரிந்துவிட்டது. ஸ்பின்னிங் மில் நொடித்தால் கடன்காரனுக்கு மெஷினாவது கிடைக்கும். எங்களிடம் மிஞ்சியது மேசைகளும் பழைய ஏ.ஐ.ஆர். தீர்ப்புத் தொகுப்பு வால்யூம்களும்.

சின்ன ஊர் ஆபீஸ், அதனால்தான் என்று நினைக்க வேண்டாம். 1890இல் தொடங்கிய அமெரிக்க வக்கீல் ஸ்தாபனம் ஹெல்லர் எர்மன், பார்ட்னர்கள் ஒவ்வொருவராக வெளியேறி 2008இல் கலைந்தது. நியூயார்க்கின் டூயி அண்ட் லெபஃப் ஆயிரம் வக்கீல்களுக்கு மேல் வைத்திருந்தது. பல பார்ட்னர்களுக்கு லாபம் வருமுன்பே இவ்வளவு தருகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, தர முடியாமல், ஆட்கள் கூட்டமாக வெளியேறிய பிறகு 2012 மே மாதம் திவால் மனு போட்டது. எங்கள் மாதாந்திரத் தொகைக்குப் பெரிய அண்ணன்!

எனக்கு இன்றும் உறுத்துவது வேறு. வேலந்தாவளத்து அம்மா ஒருவருக்கு நிலத் தகராறு சமரசமாகி வந்த பணம் ஆபீஸில் இருந்தது. கட்சிக்காரர் பணத்துக்குக் கணக்கு வைக்கச் சொல்கிறது பார் கவுன்சில் விதி. வைத்தோம், நோட்டுப் புத்தகத்தில். வங்கியில் எல்லாம் ஒரே கணக்கு. ஓவர்டிராஃப்ட் அதையும் விழுங்கிவிட்டது. சீனியர் தன் காரை விற்றுக் கொடுத்தார். எல்லா சீனியரும் விற்பார்களா?

அந்த அம்மா விஷயம் தெரிந்து வந்ததே ஆறு மாதம் கழித்து. ஆபீஸ் மூடுகிறது என்ற கடிதம் மலையாளத்தில் போயிருந்தது. அவருக்குத் தமிழ்தான் வாசிக்க வரும். சர்க்காருக்கே தமிழில் எழுத 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டம் இங்குள்ள தமிழருக்கு இடம் கொடுத்திருக்கிறது. சொந்த வக்கீல் ஆபீஸ் தமிழில் நான்கு வரி எழுதவில்லை. டைப் அடித்தவன் நான்தான். எனக்கும் தோன்றவில்லை.

இன்னொரு பார்ட்னர் பீஸ் பாக்கி என்று சில கட்டுகளைப் பிடித்துவைத்தார். அது கூடாது என்று ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. அவருக்குத் தெரியாததா?

ஊருக்கெல்லாம் பாகப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறவர்கள் நீங்கள். உங்கள் ஆபீஸுக்கும் ஒன்று எழுதுங்கள், சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே: பிரிந்தால் எந்தக் கட்டு யாருக்கு, கட்சிக்காரரிடம் யார் போய்ச் சொல்வது, வாடகை ஒப்பந்தம் யார் பொறுப்பு. கட்சிக்காரர் பணத்துக்கு வங்கியிலேயே தனிக் கணக்கு. மாதத் தொகை வந்த பணத்திலிருந்து மட்டும். இழுபறி தொடங்கினால் அதைத்தான் முதலில் குறைக்க வேண்டும், அப்புறம் வங்கியிடம் நீங்களே போய்ப் பேச வேண்டும். எங்கள் சீனியர் நோட்டீஸ் வந்த பிறகுதான் போனார்.

எங்கள் ஆபீஸில் கேட்பாரற்றுக் கிடந்த பதினோரு கட்டுகளை என் வீட்டுப் பரணில் வைத்திருந்தேன். எட்டு உரியவர்களிடம் சேர்ந்துவிட்டன. மிச்சம் மூன்று. அதில் ஒன்று மீனாட்சிபுரம் பக்கத்துக் கிணற்றுப் பாத்தியதை வழக்கு, அசல் பத்திரத்தோடு இருக்கிறது. அந்தக் கட்சிக்காரர் இப்போது உங்களில் யாரிடமாவது வந்திருந்தால் ஆள் அனுப்புங்கள், கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய குமாஸ்தா