குரல்நாணில் கைவைக்கும் முன் பயிற்சி வேண்டும்

ஆசிரியருக்கு,

வகுப்பில் கத்திப் பாடம் நடத்தும் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கும் விடிய விடியக் கூத்துப் பாடும் மட்டக்களப்பு அண்ணாவிமாருக்கும் குரல்தான் சோறு. குரல்நாணில் சிறு கட்டி வந்தாலும் பிழைப்பே ஆட்டம் கண்டுவிடும்.

அந்தக் கட்டியை அகற்றுவது லேசான வேலை இல்லை. வாய்வழியே இறக்கிய உலோகக் குழாய்க்குள் நீண்ட மெல்லிய கருவிகளை விட்டு, நுணுக்குக்காட்டியில் பார்த்தபடி வைத்தியர் வெட்ட வேண்டும். குரல்நாணின் நீளமே ஏறக்குறைய இரண்டு சென்ரிமீற்றர்தான். மேற்படலத்துக்குக் கீழே உள்ள மென்மையான அடுக்கைத் தாண்டி ஆழமாக வெட்டினால் தழும்பு விழுந்து, குரல் நிரந்தரமாகக் கரகரத்துவிடலாம். கை நடுக்கத்தை அடக்கிப் பழகுவதற்கு நோயாளியின் தொண்டையா களம்?

வெளிநாடுகளில் சிலிக்கோன் மாதிரிகளிலும் முப்பரிமாண அச்சில் வார்த்த குரல்வளைகளிலும் பழகுகிறார்கள். சரி, அவற்றுக்குச் செலவாகும். ஆனால் ஆடு, பன்றியின் குரல்வளையிலும் இதே பயிற்சி நடக்கிறது. ஆட்டுக் குரல்வளை நம் ஊர் இறைச்சிக் கடையிலேயே கிடைக்கும். மூச்சு அடைத்தவருக்குக் கழுத்தில் அவசரத் துளையிடுவதையும் அதிலேயே பழகலாம். அது காது மூக்கு தொண்டை நிபுணருக்கு மட்டுமல்ல, அவசரப் பிரிவில் நிற்கும் இளம் வைத்தியர்களுக்கும் வேண்டியது.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடமும் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையும் சேர்ந்து, அம்பாறை மாவட்ட வைத்தியர்களும் வந்து பழகும்படி இதற்கென நிரந்தரப் பயிற்சிக்கூடம் ஒன்றை நடத்த வேண்டும். சுகாதார அமைச்சு அதற்கு நிதி ஒதுக்க வேண்டும்.

ஆசிரியை ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு