செயலாளர் ஆண்டறிக்கை: செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக் குழு, திருகோணமலை

மதிப்புக்குரிய தலைவர், நிர்வாக சபையினர், அங்கத்தவர்கள், குடும்பத்தினர் அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாக சபை மாதம் ஒருமுறை தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். நான் செவ்வாய்க்கிழமைக் குழுவைப் பற்றியே கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன். இந்த ஆண்டு எங்கள் உழைப்பில் பெரும்பகுதி அங்கேதான் போனது.

மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கான சமூகத் திறன் பயிற்சி அது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. காதில் கேட்கும் குரல்களையும் வீண் சந்தேகங்களையும் மருந்து பலருக்குக் குறைக்கிறது. ஆனால் பேச்சுக் குறைவது, முகத்தில் உணர்ச்சி தெரியாமல் போவது, ஆட்களைத் தவிர்ப்பது எல்லாம் மருந்துக்கு அவ்வளவாக மசிவதில்லை. வீட்டார் அதைச் சோம்பல் என்று நினைத்துவிடுகிறார்கள். பயிற்சி கைகொடுப்பது இந்த இடத்தில்தான். அதற்காகக் கிளினிக் போவதை எவரும் நிறுத்தக்கூடாது என்பதையும் ஒவ்வொரு முறையும் சொன்னோம்.

ஒரு திறனை எடுத்துச் சிறு படிகளாகப் பிரிப்போம். ஒருவரிடம் ஒன்றைக் கேட்டுப் பெறுவது என்றால், அவர் முகத்தைப் பார்ப்பது, வேண்டியதைத் தெளிவாகச் சொல்வது, அது கிடைத்தால் தனக்கு எப்படி இருக்கும் என்று சொல்வது. பயிற்றுநர் முதலில் செய்து காட்டுவார். அப்புறம் ஒவ்வொருவராக நடித்துப் பார்ப்பார்கள். நன்றாகச் செய்ததைத்தான் முதலில் சொல்ல வேண்டும். திருத்தம் அதற்குப் பிறகு, அதுவும் ஒன்றிரண்டுதான். மறுபடி நடிப்பு, கடைசியில் வீட்டுப் பயிற்சி.

பஸ் கொண்டக்டரிடம் மிச்சக் காசு கேட்பதை மூன்று வாரம் நடித்தோம். நான்காம் வாரம் சாம்பல்தீவிலிருந்து வரும் தம்பி வாசலிலேயே நின்று, "அண்ணா, மிச்சக் காசு தாங்கோ எண்டு கேட்டன். தந்திட்டார்" என்றார். குழு முழுவதும் கைதட்டியது. அவர் சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

நோன்பு மாதத்தில், கிண்ணியாவிலிருந்து வருபவர்களுக்காக வகுப்பைக் காலைக்கு மாற்றினோம்.

ஆண்டின் நடுவில், எங்களுக்கு இடம் தந்தவர்கள், வருபவர்கள் யார் என்று தெரிந்ததும் சாவியைத் திருப்பிக் கேட்டார்கள். சில வாரங்கள் உவர்மலையில் ஓர் அங்கத்தவர் வீட்டு விறாந்தையில் நடத்தினோம். ஏன் இடம் மாறினோம் என்று குழுவில் கேட்டார்கள். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது இன்னும் மனதில் கிடக்கிறது.

வீட்டுப் பயிற்சியில்தான் நாங்கள் பின்தங்கினோம். மண்டபத்தில் நன்றாகப் பேசுபவர் வீட்டில் பேசுவதில்லை. விசாரித்துப் பார்த்தால், கடையிலும் கிளினிக்கிலும் அவருக்காக அம்மாவோ அக்காவோ பேசிவிடுகிறார்கள். அன்பினால்தான். அவர் பதிலுக்கு எடுக்கும் பத்து விநாடியை நாங்கள் பொறுப்பதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். ஆகவே கடைசி நான்கு மாதங்களும் மாதம் ஒரு வகுப்புக்குக் குடும்பத்தினரையும் அழைத்தோம். இரண்டு வீடுகளில் மாற்றம் தெரிகிறது. வரும் ஆண்டும் இதைத் தொடர நிர்வாக சபை தீர்மானித்துள்ளது.

நடிப்பதற்குப் புது முகங்கள் தேவை. பழகிய எங்களிடம் கேட்பதும் அறியாத ஒருவரிடம் கேட்பதும் ஒன்றல்ல. மீன் விற்பவராக, கொண்டக்டராக, கந்தோர் எழுதுவினைஞராக அரை மணி நேரம் நிற்கக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தாருங்கள்.

செயலாளர்