சித்தப்பாவின் இரண்டு குமிழ்ப் பெட்டி

அல்சூர், பெங்களூரு
9 மார்ச் 2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் சித்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பாதி உங்களுக்குக் கேட்பதில்லை, மீதியைச் சித்தி தன்பாட்டில் மாற்றிச் சொல்லிவிடுகிறார். அதுதான் எழுதுகிறேன். "சத்தத்தைப் பெருக்கும் அம்ப் இல்லாமல் கிட்டார் வயரை எதற்குள் குத்துகிறாய்?" என்று போன முறை கேட்டீர்கள். அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல இரண்டு பக்கமாவது வேண்டும்.

முதலில் ஊர்ப் புதினம். விசாப் பதிவெல்லாம் முடிந்துவிட்டது, அம்மாவுக்கும் சொல்லிவிடுங்கள். இங்கே தமிழுக்குக் குறைவில்லை. ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையே நிற்கிறது. 18 வருடம் மூடியே வைத்திருந்து 2009இல்தான் திறந்தார்கள். வீட்டுக்காரம்மாவின் ஆட்கள் தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கமிருந்து வந்தவர்கள். ஆனாலும் என் இலங்கைத் தமிழ் இங்கே சும்மா போய்ச் சேராது. வந்த கிழமை கடையில் "பாண் இருக்குதா?" என்று கேட்டேன். பெடியன் எதிரே இருந்த வெற்றிலைக் கடையைக் கைகாட்டினான். இப்போது ப்ரெட் என்று கேட்கப் பழகிவிட்டேன். "உங்களோடு கொஞ்சம் கதைக்க வேண்டும்" என்றால் வீட்டுக்காரம்மா ஏதோ கதை சொல்லப் போகிறேன் என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்காருகிறார்.

எனக்கு மூன்றாம் மாடியில் ஒரு அறை, மூலையில் குசினி. சுவர் அவ்வளவு மெல்லிசு, பக்கத்து அறையில் தும்மினால் இங்கே நான் "நூறு" என்று சொல்லலாம். கீழே வீட்டுக்காரம்மாவின் பேத்திக்கு ஏழு மாதம். உங்கள் அம்பை இங்கே வைத்து ஒரு தட்டுத் தட்டினேன் என்றால் அன்றைக்கே பெட்டி கட்ட வேண்டியதுதான். உங்களுக்குத் தெரியாததா? கண்ணாடிக் குழாய் எரியும் வால்வ் அம்ப் மெல்லமாக வைத்தால் நல்ல பிள்ளை மாதிரி இருக்கும், கூட்டினால்தான் அந்தக் கரகரப்பு வரும். அந்தக் கரகரப்பு இல்லாவிட்டால் நான் வாசிப்பது பள்ளிக்கூடப் பிரார்த்தனை மாதிரி இருக்கும்.

அதனால் வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் மாதச் சம்பளத்தில் ஒரு அம்ப் மொடலர் வாங்கினேன், பாவித்ததுதான். சீனிப் பேணியைவிடக் கொஞ்சம் பெரிது. உள்ளே வால்வும் இல்லை, ஸ்பீக்கரும் இல்லை. கிட்டார்ச் சத்தத்தை ஒரு விநாடிக்கு 48,000 தரம் அளந்து எண்ணாக்கி, வால்வ் என்ன செய்திருக்குமோ அதைக் கணக்காகச் செய்து, திரும்பச் சத்தமாக்கித் தருகிறது. இது புதிசும் இல்லை. லைன் 6 என்ற அமெரிக்கக் கம்பெனி 1998லேயே சிவப்பு நிறத்தில், அவரைக்கொட்டை வடிவத்தில், போட் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அந்தக் காலத்துக் கணக்கு கொஞ்சம் மொக்கை. இப்போதையது உங்கள் காதையும் ஒரு நிமிடம் ஏமாற்றும். இரண்டாவது நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

ஒரு விஷயம் எனக்கு இங்கே வந்துதான் விளங்கியது. அம்பின் சத்தம் என்று நாங்கள் நினைப்பதில் பெரும்பங்கு ஸ்பீக்கருடையது. மொடலரில் ஸ்பீக்கர்ப் பெட்டியின் பகுதியை மட்டும் நிறுத்திப் பார்த்தேன். பேணிக்குள் அகப்பட்ட நுளம்பு மாதிரி ஒரு "ஞ்ஞ்ஈ". பன்னிரண்டு அங்குலக் கடதாசிக் கூம்பு மேல்சுரங்களையெல்லாம் விழுங்கிவிட்டு மிச்சத்தைத்தான் வெளியே விடுகிறது. கடதாசி கிழிந்தபோது நீங்கள் சோற்றுப் பசையும் மெல்லிய ரிசு (டிஷ்யூ) பேப்பரும் வைத்து ஒட்டினீர்களே, அன்றைக்குச் சத்தம் ஏன் மாறியது என்று இப்போது தெரிகிறது.

கரைச்சலும் பட்டேன். முதல் இரண்டு கிழமை ஒரு பாட்டும் பதியவில்லை. பெட்டிக்குள் நூற்றுக்கு மேல் அம்ப், ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டுக் குமிழ். இரவிரவாகத் திருகிக்கொண்டே இருந்தேன். ராத்திரி ஹெட்போனில் வடிவாகக் கேட்டது, விடிந்ததும் ஸ்பீக்கரில் போட்டால் சேற்றில் மிதிப்பது போல் கிடந்தது. மெல்லமாகக் கேட்கும்போது காதுக்கு அடிச்சுரம் குறைவாகத்தான் கேட்குமாம். நான் அது தெரியாமல் கூட்டிக் கூட்டி வைத்திருக்கிறேன். இரண்டே குமிழோடு நீங்கள் முப்பது வருடம் சமாளித்ததை நினைத்துக்கொண்டேன். இப்போது ஒரே ஒரு அம்பை வைத்துக்கொண்டு மற்றதெல்லாவற்றையும் அழித்துவிட்டேன்.

அப்புறம் அந்த ஊம் சத்தம். எந்தக் குமிழைத் திருப்பினாலும் அடியில் "ம்ம்ம்ம்". கம்பியில் கை வைத்தால் குறையும், எடுத்தால் கூடும். உங்களிடம் படித்த பாடம் அப்போதுதான் ஞாபகம் வந்தது: கை வைத்துக் குறைந்தால் எர்த்தைப் பார். லப்டொப் சார்ஜரைக் கழற்றி பட்டரியில் ஓடவிட்டேன், சத்தம் அப்படியே செத்துவிட்டது. சுவரில் இருந்த பிளக்கைக் கழற்றிப் பார்த்த எலக்ட்ரீஷியன் சிரித்தார். மூன்று ஓட்டை இருக்கிறது, மூன்றாவது ஓட்டைக்கு வயரே இல்லை. எஸ்.பி. ரோட்டில் வயர் வாங்கிக் கொடுத்து இழுக்கச் சொன்னேன். அந்தத் தெரு முழுக்க ரெசிஸ்டரும் ட்ரான்ஸ்போமரும் குவிந்து கிடக்கும். உங்களை அங்கே விட்டால் சித்தி பொலிஸில்தான் முறையிட வேண்டும்.

இன்னொன்று தாமதம். கம்பியைத் தட்டி, அது எண்ணாகி, கணக்காகித் திரும்பிக் காதுக்கு வர எட்டு ஒன்பது மில்லி செக்கன் ஆகிறது. சத்தம் காற்றில் ஒரு மில்லி செக்கனுக்கு ஒரு முழத்துக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் ஓடும். ஆகவே அம்புக்கு மூன்று மீற்றர் தள்ளி நின்று வாசிப்பது போல, அவ்வளவுதான். திருவிழாவில் தூரத்தில் நின்றால் தவில்காரரின் கை முதலில் விழும், சத்தம் பிறகு வருமே, அந்த அளவுக்கு இல்லை.

பதிவதில் ஒரு வசதியைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு தடத்தில் அம்ப் சத்தம், பக்கத்துத் தடத்தில் வெறும் கிட்டார், இரண்டையும் சேர்த்துப் பதிகிறேன். அடுத்த நாள் அம்ப் பிடிக்காவிட்டால் அந்த வெறும் கிட்டாரை வேறு அம்பினூடாக அனுப்பலாம், திரும்ப வாசிக்கத் தேவையில்லை. ஆனால் பிழையாக வாசித்தால் எந்தப் பெட்டியும் காப்பாற்றாது. பத்து விநாடித் துண்டு ஒன்றை 31 தரம் வாசித்தேன், எடுத்தது நாலாவதை.

இனி நான் கேட்க வந்தது. நியூரல் அம்ப் மொடலர் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, ஸ்டீவன் அட்கின்சன் என்பவர் தொடங்கியது. ஒரு உண்மையான அம்பினூடாகச் சுமார் மூன்று நிமிடச் சோதனை ஒலியை விட்டு, வெளியே வருவதைப் பதிந்து கொடுத்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அது கற்றுக்கொள்ளும். எனக்கு உங்கள் அம்ப் வேண்டும். இரண்டு ஈ.எல். 84 வால்வ், வேப்பம் பலகைப் பெட்டி, எல்லாம். சின்னவனிடம் ஒலிப்பதிவுப் பெட்டியும் மைக்கும் இருக்கிறது, சோதனை ஒலி இருக்கும் கணினிக் கோப்பை அவனுக்கு அனுப்பிவிட்டேன். மைக்கைக் கூம்பின் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில், துணியிலிருந்து இரண்டு விரல் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். சோதனை ஒலியை மெல்லமாகத் தொடங்கட்டும், எடுத்த எடுப்பிலேயே முழுவதும் வேண்டாம். குமிழ் எங்கே நிற்கிறதோ அந்த ஒரு இடத்தைத்தான் அது படிக்கும். ஆகவே சித்தியின் நகப்பூச்சால் நீங்கள் வைத்த சிவப்புப் புள்ளியிலேயே இரண்டு குமிழையும் விடுங்கள்.

ஒரு குறை இருக்கிறது. உள்ளே போகும் சத்தத்தோடு சம்பந்தமில்லாத எதையும் அது கற்காது. உங்கள் அம்பைப் போட்டவுடன் வருமே, ஒரு ஊம், அது வராது. இங்கே நான் காசு கொடுத்து எர்த் இழுத்து நிறுத்தியதும் அதே மாதிரிச் சத்தம்தான், தெரியும். கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்டோம், சுற்றுகிறவன் களைத்தால் பாட்டுக்காரரும் களைத்துப்போவார் என்பீர்களே, அந்தக் கதையை நான் கேட்டதெல்லாம் அந்த ஊமுக்குப் பக்கத்தில் இருந்துதான்.

ஆகவே சோதனை முடிந்ததும் மைக்கை நிறுத்த வேண்டாம் என்று சின்னவனிடம் சொல்லுங்கள். ஒருவரும் வாசிக்காமல், அம்ப் சும்மா ஓட, ஒரு நிமிடம் தனியாகப் பதியட்டும். கிணற்றடியில் சித்தி யாரையாவது ஏசினாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உங்கள் பெறாமகன்

பி.கு.: இந்தக் கடிதம் கொண்டுவருபவரிடம் இரண்டு செட் கிட்டார்க் கம்பி கொடுத்துவிட்டிருக்கிறேன். இங்கே உப்புக் காற்று இல்லாததால் கம்பி துருப்பிடிக்க நாளாகிறது, எனக்கு அவ்வளவு தேவைப்படாது.