எஞ்சின் அறையைத் திறந்து விடுங்கள்: போர்க்கப்பல் அருங்காட்சியக நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

கரையேற்றி வைத்திருக்கும் உங்கள் போர்க்கப்பலைப் பார்க்கக் குளச்சல், தூத்தூர் பகுதிகளிலிருந்து போன மாதம் ஒரு பேருந்து நிறைய வந்தோம். விசைப்படகு எஞ்சின் வேலை பார்ப்பவர்கள், வெல்டிங் செய்பவர்கள், அவர்கள் பிள்ளைகள். முழுக் கட்டணமும் வாங்கிக்கொண்டீர்கள். எஞ்சின் அறைக்கு இறங்கும் ஏணியின் குறுக்கே கயிறு கட்டி, ‘பராமரிப்புப் பணி’ என்று பலகை வைத்திருந்தது. அந்த எழுத்தே வெயிலில் வெளுத்துக் கிடக்கிறது.

ஏன் மூடினீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மேல்தட்டில் நின்ற எங்களுக்கும் தெரிந்துவிட்டது. பீரங்கி மேடைக்குப் பின்னால், தட்டும் சுவரும் சேரும் மூலையில் தண்ணீர் வடியும் துவாரம் பெயின்ட் பூசிப் பூசியே அடைந்திருக்கிறது. கடலில் கிடக்கும் கப்பல் ஆடும், தண்ணீர் தானே ஓடிவிடும். அசையாமல் நிற்கும் கப்பலில் மழைநீர் தேங்கிய இடத்திலேயே கிடக்கும். அங்கே பெயின்ட் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளித்திருக்கிறது. விரல் பட்டாலே அப்பளமாக நொறுங்குகிறது. உள்ளே அடுக்கடுக்காகத் துரு. அந்தத் தண்ணீர்தான் கீழே எஞ்சின் மேல் சொட்டுகிறது.

துருவின் மேலேயே பெயின்ட் அடித்தால் நிற்காது. அடியில் சிக்கிய உப்பு ஈரத்தை இழுக்கும், மறுபடி கொப்புளிக்கும். முதலில் துவாரத்தைக் குத்தி விடுங்கள். நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, காய்ந்ததும் மணல் வீசியோ சுத்தியலால் கொத்தியோ வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி, ஈரக்காற்று படுமுன் அன்றைக்கே எப்பாக்ஸி பிரைமர் என்ற துருத் தடுப்பு அடிப்பூச்சு அடிக்க வேண்டும். தகட்டின் கனத்தை மீயொலிக் கருவியால் அளந்து, மெலிந்ததை வெட்டிப் புதுத்தகடு வையுங்கள். கீழே பழைய எண்ணெய்த் தொட்டி இருந்தால், வாயு இல்லை என்று சோதித்த பிறகே வெல்டிங்.

அடிப்பகுதியில் புதிதாகச் சிங்க் (துத்தநாகம்) கட்டைகள் மாட்டியிருக்கிறீர்கள். கடல்நீரில் மூழ்கியிருந்தால்தான் சிங்க் தான் கரைந்து இரும்பைக் காக்கும். காற்றில் நிற்கும் கப்பலுக்கு அது வீண்செலவு. அந்தப் பணத்தில் மேல்தட்டு வேலையைத் தொடங்கியிருக்கலாமே!

1971 போரில் வங்கக் கடலில் நின்ற விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த், மும்பையில் 2001 முதல் 2012 வரை அருங்காட்சியகமாக இருந்து, பாதுகாப்பில்லை என்று மூடப்பட்டு, 2014-ல் உடைப்புக்குப் போனது. இன்னொரு விமானந்தாங்கிக் கப்பலான விராட்டும் 2020-ல் குஜராத்தின் அலங் கப்பல் உடைக்கும் தளத்துக்குப் போனது. போரில் மூழ்காத கப்பல்களைக் கரையில் இழந்திருக்கிறோம். அமெரிக்காவில் 1948 முதல் அருங்காட்சியகமாக நிற்கும் டெக்சாஸ் கப்பலின் அடி ஒழுகியபோது, 2022-ல் தண்ணீரை வெளியேற்றி வேலை பார்க்கும் உலர்துறைக்கு இழுத்துப்போய்த் தகடு மாற்றினார்கள். நம்மிடம் இல்லாதது இரும்பா, ஆளா?

கோபத்தில் எழுத்து நீண்டுவிட்டது, பொறுத்தருளுங்கள். அடுத்த மழைக்கு முன் துவாரங்களைத் திறந்து, மேல்தட்டைச் சரிசெய்து, எஞ்சின் அறையைத் திறந்து விடுமாறு பணிவுடன் கேட்கிறோம். வேலை தொடங்கும் நாளைச் சொன்னால், எங்கள் வெல்டர்கள் நான்கு பேர் கூலியில்லாமல் வருவார்கள்.

இப்படிக்கு,
குமரி மாவட்ட விசைப்படகுத் தொழிலாளர்கள் சிலர்