விவாதம் முடிந்த முதல் ஒரு மணி நேரம்: அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செய்தி ஆசிரியர்களுக்கும், அதிபர் தேர்தல் விவாதம் முடிந்தவுடன் உங்கள் அரங்குகளில் அமர்ந்து தீர்ப்புச் சொல்லும் கருத்தாளர்களுக்கும் வணக்கம்.

நான் நியூ ஜெர்சியில் வசிக்கும் ஒரு வாக்காளர். என் மகள் உயர்நிலைப் பள்ளியில் விவாதக் குழுவில் சேர்ந்த ஆண்டிலிருந்து, சனிக்கிழமைகளில் மாணவர் விவாதப் போட்டிகளுக்குத் தன்னார்வ நடுவராகப் போய்வருகிறேன். அங்கே எங்களுக்கு முதலில் கற்றுத்தருவது, ஒரு தாளைப் பத்திகளாகப் பிரித்து, ஒவ்வொரு வாதத்தையும், அதற்கு நேரே மறுதரப்பு அளித்த பதிலையும் எழுதிக்கொண்டே வருவதைத்தான். பதில் வராத இடம் தாளில் வெற்றிடமாக நிற்கும். அந்த வெற்றிடம் பதில் சொல்லாமல் விட்டவருக்கு எதிராகவே எண்ணப்படும். முடிவில் வென்றவரின் பெயரோடு, அப்படித் தீர்மானித்ததற்கான காரணத்தையும் எழுதி ஒப்படைக்க வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு நாங்கள் ஆற்றும் இந்தக் கடமையை, நாட்டின் உயர்ந்த பதவிக்குப் போட்டியிடுவோரை மதிப்பிடும்போது நீங்கள் ஆற்றுவதில்லை என்பதே என் முறையீடு.

2024 ஜூன் 27 அன்று அட்லாண்டாவில் சிஎன்என் நடத்திய விவாதத்திலிருந்து தொடங்குகிறேன். அன்று ஜோ பைடனின் குரல் கம்மியிருந்ததையும், அவருடைய வாக்கியங்கள் பாதியில் நின்றுபோனதையும் நாடே பார்த்தது. அதைப் பற்றிப் பேசியது தவறென்று நான் சொல்லவில்லை. இன்னும் நான்கு ஆண்டுகள் பதவியில் இருக்க விரும்புபவரின் சிந்தனைத் தெளிவு வாக்காளர் அறிய வேண்டிய செய்திதான். ஜூலை 21 அன்று அவர் போட்டியிலிருந்து விலகவும் செய்தார். ஆனால் அதே இரவில், குழந்தைப் பராமரிப்புச் செலவைக் குறைக்க என்ன செய்வீர்கள் என்று நெறியாளர் ஜேக் டேப்பர் டொனால்ட் டிரம்பிடம் கேட்டார். டிரம்ப், தாம் பதவிநீக்கம் செய்தவர்களைப் பற்றியும் பைடன் எவ்வளவு மோசமான அதிபர் என்பதைப் பற்றியும் பேசினார். பைடனும் முதலில் அந்தச் சண்டைக்கே போய்விட்டு, பிறகு வரிச்சலுகையைப் பற்றி ஓரிரு வாக்கியங்கள் சொன்னார். கேள்வி மறுபடியும் டிரம்பிடம் திரும்பியபோதும் விடை வரவில்லை. எங்கள் தெருவில், இரண்டு குழந்தைகளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் இளம் பெற்றோர், மாத வாடகைக்கு நிகரான தொகையை அதற்குச் செலவிடுகிறார்கள். அவர்களுக்காகக் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான். என் தாளில் ஒருவருக்கு முழு வெற்றிடமும் மற்றவருக்கு ஒன்றரை வரியும் இருந்தன. விவாதம் முடிந்தபின் நான் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரத்தில் அந்தக் கேள்வியை யாரும் எடுக்கவில்லை. விவாதத்தைப் பார்த்தவர்களிடம் சிஎன்என் எடுத்த உடனடிக் கருத்துக்கணிப்பு 67-க்கு 33 என்று டிரம்பை வெற்றியாளராகக் காட்டியது. பேச்சு அத்தோடு அதன் வழியில் போய்விட்டது.

செப்டம்பர் 10 அன்று பிலடெல்பியாவில் ஏபிசி நடத்திய விவாதத்தில் என் சொந்த மனச்சாய்வையும் நான் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. கமலா ஹாரிஸின் தாய் சியாமளா கோபாலன் தமிழ்ப் பெண். தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்துக் கோவிலில் அவருக்காக வழிபாடு நடந்ததை எங்கள் வீட்டிலும் பெருமையோடுதான் பேசிக்கொண்டோம். நெறியாளர் டேவிட் மியூரின் முதல் கேள்வி, பொருளாதாரத்தைப் பொறுத்தவரை நான்கு ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைவிட மக்கள் இப்போது நன்றாக இருக்கிறார்களா என்பது. 1980-இல் கிளீவ்லேண்டில் நடந்த விவாதத்தில், அப்போது வேட்பாளராக இருந்த ரீகன் மக்களைப் பார்த்துக் கேட்டதும் இதே கேள்விதான். ஹாரிஸ் தாம் நடுத்தரக் குடும்பத்தில் வளர்ந்ததையும் தம் பொருளாதாரத் திட்டத்தையும் விவரித்தார். ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. அந்த இடத்தை நான் உடனே வெற்றிடமாகக் குறிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் தாளைத் திரும்பப் பார்த்தபோதுதான், அதே விடையை டிரம்ப் சொல்லியிருந்தால் என் பேனா தயங்கியிருக்காது என்று உணர்ந்தேன். டிரம்பின் பக்கத்திலும் வெற்றிடங்கள் இருந்தன. உக்ரைன் போரில் வெல்ல வேண்டும் என்று விரும்புகிறீர்களா என்று இருமுறை கேட்டும் நேரடி விடை இல்லை. மருத்துவக் காப்பீட்டுக்கு அவரிடம் இருந்தது ஒரு திட்டத்துக்கான கருத்துருக்கள் மட்டுமே என்று அவரே சொன்னார். அன்று சிஎன்என் கணிப்பு 63-க்கு 37 என்று ஹாரிஸை வெற்றியாளராக்கியது. நவம்பரில் வென்றவர் டிரம்ப். 2016-இலும் மூன்று விவாதங்களிலும் ஹிலரி கிளின்டனே வென்றதாக அதே கணிப்புகள் காட்டின. தேர்தல் முடிவையும் முன்னறிவிக்காத, கேள்விகளுக்கு விடை வந்ததா என்பதையும் சொல்லாத ஓர் எண்ணை, பெரிய எழுத்தில் திரையை நிறைக்கும்படி காட்டுவதன் பயன் என்ன என்று நீங்கள் எனக்கு விளக்க வேண்டும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். 1960 செப்டம்பர் 26 அன்று சிகாகோவில் கென்னடியும் நிக்சனும் சந்தித்த முதல் விவாதம் நமக்கு ஒரு கதையாகவே வந்துசேர்ந்திருக்கிறது: தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குக் கென்னடி வென்றார், வானொலியில் கேட்டவர்களுக்கு நிக்சன் வென்றார். முழங்கால் தொற்றுக்காக மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்த நிக்சன் மெலிந்து தெரிந்ததும், அவருடைய வெளிர் நிற உடை பின்னணியோடு கலந்துபோனதும் உண்மை. ஆனால் வானொலிக் கதை பெரிதும் ஒரே ஒரு கணிப்பின் மீது நிற்கிறது. அதில் வானொலி கேட்டவர்களின் எண்ணிக்கை சில நூறுகளைத் தாண்டவில்லை என்பதை 1987-இலேயே ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். இத்தனை மெல்லிய சான்றின் மீது, தோற்றமே விவாதத்தைத் தீர்மானிக்கிறது என்ற நம்பிக்கையை நாம் கட்டியிருக்கிறோம். அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு தோற்றத்தையே மதிப்பிட்டும் வருகிறோம்.

அதன் விளைவை 1984-இல் காணலாம். கன்சாஸ் சிட்டியில் நடந்த இரண்டாம் விவாதத்தில், 73 வயதான அதிபர் ரீகனிடம் அவருடைய வயதைப் பற்றிக் கேட்டார்கள். எதிராளியின் இளமையையும் அனுபவமின்மையையும் அரசியலுக்காகப் பயன்படுத்த மாட்டேன் என்று அவர் சொன்னபோது, அவரை எதிர்த்துப் போட்டியிட்ட 56 வயதான வால்டர் மாண்டேலே சிரித்துவிட்டார். அந்த ஒரு வாக்கியம் இன்றுவரை மறுஒளிபரப்பாகிறது. அதே இரவில், கலிபோர்னியக் கடற்கரைச் சாலையில் காரோட்டிச் சென்றதைப் பற்றி ரீகன் தொடங்கிய நிறைவுரை முடிவுக்கு வராமல், நேரம் தீர்ந்து நெறியாளரால் நிறுத்தப்பட்டது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? வயதைப் பற்றிய கேள்விக்கு உண்மையான விடை எதுவாக இருந்தாலும், அது அந்த நகைச்சுவையில் இல்லை.

உங்கள் சொல்லுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு 1976-ஐவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்று அப்போதைய அதிபர் ஜெரால்டு ஃபோர்டு விவாதத்தில் சொன்ன அக்டோபர் 6 இரவிலேயே பேட்டி காணப்பட்டவர்களில் ஃபோர்டு நன்றாகச் செய்தார் என்றவர்களே கூடுதல்; செய்திகள் அந்தத் தவற்றை மறுபடி மறுபடிச் சொன்னபின், மறுநாள் மாலைக்குள் எதிர் வேட்பாளர் கார்ட்டரே வென்றார் என்ற கருத்து பெருவாரியாகிவிட்டது. ஒரு பொய்யான கூற்றைப் பார்வையாளருக்குச் சுட்டிக்காட்டுவது உங்கள் தொழில். அந்தத் திருத்தம் தேவைப்பட்டது என்றே கருதுகிறேன். ஆனால் பார்த்தவர்களின் மனத்தை ஒரே நாளில் மாற்றும் ஆற்றல் உடையவர்கள், எதைச் சுட்டிக்காட்டுகிறோம் என்பதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டாமா? 2010-இல் பிரிட்டனின் பிரதமர் விவாதத்தின்போது ஆய்வாளர்கள் ஏறத்தாழ 150 பேரை இரு குழுக்களாக அமர்த்தி, பார்வையாளர்களின் உடனடிக் கருத்தைக் காட்டுவதாகத் திரையின் அடியில் ஏறி இறங்கும் கோட்டை வேண்டுமென்றே குழுவுக்கொரு பக்கம் சாய்த்துக் காட்டினார்கள். யார் வென்றார் என்ற கருத்து கோடு சாய்ந்த பக்கமே சாய்ந்தது. அத்தகைய கோட்டை அமெரிக்கத் திரைகளிலும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

2024-இல் இந்தப் பொறுப்பு இன்னும் கூடிவிட்டது. 1976 முதல் 1984 வரை மகளிர் வாக்காளர் கழகமும், 1988 முதல் 2020 வரை விவாத ஆணையமும் ஏற்பாட்டாளர்களாக இருந்தன. 2024-இல் வேட்பாளர்களின் குழுக்கள் தொலைக்காட்சி நிறுவனங்களோடு நேரடியாகவே உடன்பாடு செய்துகொண்டன. கேள்வி கேட்பவரும், ஒளிபரப்புபவரும், விளம்பர வருவாய் பெறுபவரும், முடிவில் மதிப்பெண் போடுபவரும் ஒரே நிறுவனமாக இருப்பதை எந்தப் பள்ளிப் போட்டியிலும் அனுமதிக்க மாட்டோம்.

ஆகவே 2028 விவாதங்களுக்கு நீங்கள் ஆயத்தமாகும்போது சிலவற்றைக் கருத்தில் கொள்ளுமாறு வேண்டுகிறேன். விவாதம் முடிந்த முதல் அரை மணி நேரத்தில் வெற்றி, தோல்வி என்ற சொற்களை விலக்கி வையுங்கள். கேட்கப்பட்ட ஒவ்வொரு கேள்வியையும் மறுபடி வாசித்து, அதற்கு நேரான விடைப்பகுதியை மட்டும் ஒளிபரப்புங்கள். விடை இல்லாவிட்டால் இல்லை என்று திரையில் எழுதுங்கள். கருத்துக்கணிப்பைக் காட்டியே தீர வேண்டுமென்றால், அது விவாதத்தைப் பார்த்தவர்களின் கருத்து மட்டுமே என்று அறிக்கையில் எழுதும் குறிப்பையும், பதிலளித்தவர்களின் கட்சிச் சார்பையும் அதே அளவு எழுத்தில் காட்டுங்கள். ஏறி இறங்கும் கோட்டை நேரலையில் காட்டவே வேண்டாம். கருத்தாளர் ஒருவர் தீர்ப்புச் சொன்னால், எந்தக் கேள்விக்கு வந்த எந்த விடையால் அந்த முடிவுக்கு வந்தார் என்று நெறியாளர் அவரிடம் கேட்கட்டும்.

2024-இன் இரண்டு விவாதங்களுக்கும் நான் எழுதிய தாள்களின் படிகளை இம்மடலோடு இணைத்திருக்கிறேன். செப்டம்பர் தாளின் முதல் வரியில் பின்னர் செய்த திருத்தத்தைச் சிவப்பு மையில் காணலாம். வேறு பிழைகள் கண்ணில் பட்டால் தெரிவியுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
நியூ ஜெர்சி வாக்காளர் ஒருவர்