மஞ்சள் வட்டத்துக்குக் கை எட்டணும்

லண்டன்
17.11.2024, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் சொகம். குளிர் தொடங்கியாச்சு, அம்மா குடுத்து விட்ட கம்பிளியை எடுத்தாச்சு.

போன வாரம் போன்ல அப்பா கேட்ட கேள்விக்கு அரைகுறையாத்தான் பதில் சொன்னேன். டூட்டிக்கு நேரமாயிட்டுது. "கண்டக்டர் இல்லைன்னா காசை யாருகிட்ட மக்களே குடுக்கது?" இருபத்தெட்டு வருஷம் தோல் பையும் விசிலுமா மார்த்தாண்டத்துக்கும் குலசேகரத்துக்கும் நடுவுல நின்னுக்கிட்டே போன ஆளுக்கு வாட்ஸ்அப்ல ரெண்டு வரி போட்டா மரியாதை இல்ல. அதான் காகிதம் எடுத்தேன். மே மாசம் நீங்க ரெண்டு பேரும் வரும்போது இது எல்லாம் வேணும்.

காசை யாருகிட்டயும் குடுக்க முடியாது. 2014 ஜூலையிலேருந்து லண்டன் பஸ்ஸுல ரொக்கம் வாங்கது இல்ல. தெரியாம நான் வந்த மூணாம் நாள் பத்து பவுண்ட் நோட்டை நீட்டினேன். டிரைவர் வாயே திறக்கல, தலையை மட்டும் ஆட்டினாரு. பின்னால ஆளு நிக்குது. வெக்கத்துல இறங்கி, தூறல்ல நடந்தே ரூமுக்கு வந்தேன். சில்லறை இல்லாதவங்களுக்கு டிக்கெட்டுக்குப் பின்னால பாக்கியைக் கிறுக்கிக் குடுத்து, இறங்குததுக்கு முந்தி நீங்களே தேடிப் போய்க் குடுப்பியளே, அன்னைக்கு வழி பூரா அதான் நினைப்பு.

முன்வாசல்ல ஏறினதும் நேர் எதிர, டிரைவர் கூண்டை ஒட்டி, மஞ்சளா வட்டமா ஒரு மெஷின். உயரம் என் நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழ. முன்னாலயே காசு ஏத்தி வெக்க ஆய்ஸ்டர்னு ஒரு கார்டு உண்டு, இல்லைன்னா பேங்க் கார்டு, இல்லைன்னா போன். அதுல ஒண்ணை வெச்சா பச்சை விளக்கு எரிஞ்சு 'பீப்'னு ஒரு சத்தம். சிவப்பு எரிஞ்சா கார்டு ஏறலைன்னு அர்த்தம். இறங்கும்போது திரும்ப வெக்க வேண்டாம். ரயில்லதான் ரெண்டு தடவை. எவ்வளவு தூரம் போனாலும் 1.75 பவுண்ட், நம்ம காசுக்கு 190 ரூபாய்க்குப் பக்கம். ஸ்டேஜ் கணக்கு, ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் டிக்கெட் நம்பர் எழுதுத இன்வாய்ஸ் ஒண்ணும் கிடையாது, உங்களுக்குச் சப்புன்னு இருக்கும். முதல் பஸ்ஸுல வெச்சதிலேருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள எத்தனை பஸ் மாறி ஏறினாலும் மறுபடி காசு எடுக்காது. அது மட்டும் கொள்ளாம்.

ஒரு பர்ஸ்ல ரெண்டு கார்டு இருந்தா பர்ஸோட வெக்கக் கூடாது. மெஷின் எதையாவது ஒண்ணைப் பிடிச்சுக்கும், இல்ல ரெண்டையும் தள்ளிவிடும். ஒரே கார்டை ரெண்டு பேருக்கு வெக்கவும் முடியாது. அதனால அம்மாவுக்கு ஒரு ஆய்ஸ்டர், அப்பாவுக்கு ஒண்ணு, எனக்குப் போன். செக்கர் இங்கயும் உண்டு, கையில சின்ன மெஷினோட திடீர்னு ஏறுவாங்க. பிடிபட்டா 100 பவுண்ட், 21 நாளைக்குள்ள கட்டினா பாதி. அப்பா சிரிக்கது எனக்குத் தெரியுது.

அம்மாவுக்கு ஒரு நல்ல செய்தி. இங்க பஸ் வாசல்ல படியே கிடையாது. வாசல்ல கால் வெச்சா அது பஸ்ஸுக்குத் தரை. தேவைப்பட்டா டிரைவர் ஒரு பொத்தானை அமுக்குதாரு, புஸ்ஸுன்னு காத்து விட்டுக்கிட்டு பஸ் பிளாட்பாரம் பக்கமாச் சாயும், வயசான மாடு படுக்க நினைக்க மாதிரி. வடசேரி ஸ்டாண்டுல அம்மா முட்டியைப் பிடிச்சுக்கிட்டு, "இதுல ஏற ஒரு ஏணி வேணும்டி"ன்னு நின்னது எனக்கு மறக்கல. 2021-லேருந்து சாதாரண டவுன் பஸ்ஸுல பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லைன்னு ஆச்சு, ஆனா அந்த முதல் படி அப்படியேதான இருக்கு. காசில்லாத பஸ்ஸுல ஏற முடியாம அம்மா ஆட்டோவுக்குக் காசு குடுத்துட்டு வாறாங்க.

இன்னொண்ணு சொல்லணும். எங்க ஆஸ்பத்திரி ஸ்டாப்பிங்குல ஒரு பொண்ணு சக்கர நாற்காலியில தினமும் வருவா. நடுவாசலுக்குப் பக்கத்துல வெளியில நீல நிறப் பொத்தான் இருக்கு, அதை அமுக்குவா. வாசலுக்கு அடியிலேருந்து ஒரு பலகை நாக்கு மாதிரி நீளும். அதுல ஏறி உள்ள போய், அவளுக்குன்னு விட்டிருக்க இடத்துல நிக்கிறா. அந்த இடம் 1300 மில்லிமீட்டருக்கு 750-க்குக் குறையக் கூடாதுன்னு 2000-த்திலேயே சட்டம் போட்டிருக்காங்க. அவ மெஷின் பக்கமே போகல. முதல்ல, பாவம், எட்டாதுன்னு விட்டுட்டாங்களாக்கும்னு நினைச்சேன். பெறகு தெரிஞ்சுது, சக்கர நாற்காலிக்காரங்களுக்கு இங்க டிக்கெட்டே கிடையாது. முன்னால வந்து கார்டு வெக்கணும்னு சொன்னா அந்த ஒடுங்கின வழியில நாற்காலி திரும்பாது. அப்படிச் சொல்லாம விட்டது எனக்குப் பிடிச்சிருந்தது.

மெஷினை எங்க வெக்கதுங்கதுல இவங்களும் நிறைய மாத்திப் பாத்திருக்காங்க. பின்னால கதவில்லாம திறந்த வாசல் வெச்ச, ரூட்மாஸ்டர்னு பேருள்ள பழைய ரெண்டு மாடிப் பஸ்ஸுல கண்டக்டர் இருந்தாரு. 2005 டிசம்பரோட அந்தப் பஸ்ஸை வழக்கமான ஓட்டத்துலேருந்து எடுத்தாச்சு. 2012-ல புது ரூட்மாஸ்டர் வந்தது, மூணு வாசல், மூணுலயும் மெஷின். யாரு எங்க ஏறினாலும் வெச்சுக்கலாம். டிக்கெட் எடுக்காம ஏறுத கூட்டம் கூடுதுன்னு 2020-ல அதையும் மாத்தி, எல்லாரும் முன்வாசல்லதான் ஏறணும்னு ஆக்கினாங்க. அதே வருஷம் கொரோனா. பஸ் டிரைவர்மார் பலர் செத்துப்போனாங்க. ஏப்ரல்ல முன்வாசலை அடைச்சு, நடுவாசல்ல ஏறச் சொன்னாங்க. மெஷின் இருக்கது டிரைவர் பக்கத்துல, அதனால கொஞ்ச நாள் யாருமே காசு குடுக்கல. எங்க வார்டுல இருக்க கோட்டயத்து சேச்சி அப்ப இங்கதான் இருந்தாங்க. காலியான பஸ்ஸுல ஓசியில டூட்டிக்குப் போனதை இப்பவும் தொண்டை அடைக்கத்தான் சொல்லுதாங்க.

இப்ப அப்பாவோட காரியம். இதைத்தான் நாலு நாளா யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.

செவ்வாக்கிழமை எனக்கு முன்னால ஒரு கிழவனார் ஏறினாரு. வலது கையில தடி. வயசானவங்களுக்குக் குடுக்க ஓசி பாஸ் இடது கையில. ஓசின்னாலும் மெஷின்ல வெக்கணும். கம்பியைப் பிடிக்க மூணாவது கை வேணும்லா? தடியைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு பாஸை நீட்டினாரு, பாஸ் கீழ விழுந்துட்டுது. குனிய முடியாம நின்னாரு. நான் எடுத்துக் குடுத்தேன். பச்சை எரிஞ்சதும் பஸ் கிளம்பியாச்சு, அவரு இன்னும் ரெண்டு எட்டு வெக்கல. சவம், நான் மட்டும் பிடிக்கலைன்னா சாஞ்சிருப்பாரு. அந்த மெஷினை வெச்சவன் ரெண்டு கையும் சும்மா இருக்க ஒருத்தனை நினைச்சுத்தான் வெச்சிருக்கணும். நீங்க டிக்கெட் குடுத்த காலத்துல கிழவனார் முதல்ல உக்காருவாரு, பெறகு நீங்க அவரு பக்கத்துல போவீங்க.

உங்களுக்கு வலது கை இன்னும் சரியா வரலைன்னு அம்மா சொன்னாங்க. பிசியோவை விட்டிராதீங்க. கம்பியும் கார்டும் ஒரே இடது கைக்குன்னு ஆகும். அதனால நான் ஒண்ணு செஞ்சேன். எங்க ஐடி கார்டு தொங்குத கயிறு இருக்குல்லா, இழுத்தா நீளும், விட்டா உள்ள போகும், அதுல ஒண்ணு வாங்கி உங்க ஆய்ஸ்டரை மாட்டி வெச்சிருக்கேன். கழுத்துல போட்டுக்கிடலாம், கை தவறினாலும் கீழ விழாது. ஏறினதும் கார்டை வெச்சிட்டு விடுங்க, அது தானாப் போயிரும், உடனே கம்பியைப் பிடிங்க. நான் உங்களுக்குப் பின்னால ஏறுவேன். நீங்க உக்காருத வரைக்கும் போனைத் தேடுத மாதிரி மெஷின் முன்னாலயே நிப்பேன். நான் கார்டு வெக்காம டிரைவர் வண்டியை எடுக்க மாட்டாருன்னு ஒரு நம்பிக்கை. பின்னால நிக்கவங்க முறைச்சா முறைக்கட்டும்.

அம்மா, வரும்போது மட்டிப்பழம் கொண்டு வர வேண்டாம், கறுத்துரும். முந்திரிக்கொத்து போதும். அப்பா, அந்தப் பழைய விசில் பரணுல கிடந்தா எடுத்துட்டு வாங்க, சேச்சியோட மோனுக்குக் காட்டணும்.

உங்கள் மகள்