மார்கரெட் வென்ற வழக்கையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஸ்காட்லாந்துப் பிரபுவான ஆர்கைல் டியூக்கை மணந்து ஆர்கைல் டச்சஸ் ஆன மார்கரெட் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் விவாகரத்து வழக்கில் வெளிவந்த அந்த அந்தரங்கப் போலராய்ட் படங்களோடு நிறுத்திவிடுகிறார்கள். வருத்தமாக இருக்கிறது. 1933-ல் லண்டனில் சார்லஸ் ஸ்வீனியை மணந்தபோது அவர் உடுத்திய, ஆடை வடிவமைப்பாளர் ஹார்ட்னெல் தைத்த கவுன், நட்சத்திரப் பூ வேலைப்பாட்டோடு இன்றும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1947-ல் அந்த மணம் முறிந்தது. 1951-ல் ஆர்கைல் டியூக்கின் மூன்றாவது மனைவியானார். மார்கரெட்டின் பூட்டிய அலமாரியிலிருந்து டியூக் கைப்பற்றிய அந்தப் படங்கள்தான் எடின்பரோ நீதிமன்றத்தில் நடந்த அவர்களின் விவாகரத்து வழக்கில் சாட்சியாயின. 1963 தீர்ப்பில் நீதிபதி வீட்லி மார்கரெட்டைக் கடுமையாகச் சாடினார். டியூக்குக்கு மொத்தம் நான்கு திருமணம். அதை யாரும் பேசுவதில்லை.

சரி, அப்புறம் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். பிரிந்த மனைவியைப் பற்றி டியூக் ஒரு ஞாயிறு பத்திரிகையில் எழுதக் கிளம்பினார். மார்கரெட் வழக்குப் போட்டு 1964-ல் தடை வாங்கினார். கணவனும் மனைவியும் நம்பிப் பகிர்ந்ததை விவாகரத்துக்குப் பிறகும் ஊருக்குச் சொல்லக் கூடாது என்றது நீதிமன்றம். அந்தரங்கம் பற்றிய வழக்குகளில் ஆங்கிலேய நீதிபதிகள் அதைப் பின்னாளிலும் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அடுத்த முறை அவரைப் பற்றி எழுதும்போது இதற்கும் நான்கு வரி ஒதுக்குங்கள்.

– ஒரு வாசகி